வடக்கு எதிர்த்தது, தெற்கு ஆதரித்தது என்று எழுதலாமா?

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் "வடக்கு முழுவதும் அடிமைமுறையை எதிர்த்தது, தெற்கு முழுவதும் ஆதரித்தது" என்று நீங்கள் எழுதிய வரியை உங்கள் வழிகாட்டி அடித்துவிட்டதாகவும், மாற்றாக என்ன எழுதுவதென்றும் கேட்டிருந்தீர்கள். அவர் அடித்தது சரியே.

தெற்கு மாநிலமான வர்ஜீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1831இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை அடுத்து, அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிப்பது குறித்து அம்மாநிலச் சட்டமன்றத்திலேயே 1832 ஜனவரியில் விவாதம் நடந்தது. பெருந்தோட்டங்கள் மிகுந்த கிழக்குப் பகுதியின் உறுப்பினர்கள் ஒழிப்பை எதிர்க்க, சிறு உழவர்கள் வாழ்ந்த மேற்கு மலைப்பகுதியின் உறுப்பினர்கள் பலர் ஆதரித்தனர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோரை உந்தியது இரக்கம் அன்று. கிழக்கின் உடைமையாளர்களிடம் குவிந்திருந்த அதிகாரத்தின் மீதான கசப்பும், கிளர்ச்சி மீண்டும் வெடிக்குமோ என்ற அச்சமும்தான். இந்தப் பழைய பிளவு போர்க்காலத்தில் முற்றி, 1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாயிற்று.

வடக்கிலோ, இல்லினாய் மாநிலம் 1853இல் கறுப்பின மக்கள் குடியேறுவதையே தடைசெய்தது. அங்குள்ள ஆல்டன் நகரில்தான், அடிமை ஒழிப்பை வலியுறுத்திய இதழாசிரியர் எலைஜா லவ்ஜாய், தம் அச்சு இயந்திரத்தைக் காக்க முயன்றபோது 1837இல் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவற்றைக் காட்டி, போருக்கு அடிமைமுறை காரணமன்று என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தெற்கு மாநிலமான மிசிசிப்பி, அமெரிக்க ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கான காரணங்களைக் கூறி 1861இல் வெளியிட்ட அறிவிக்கை, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு பிணைந்தது என்று தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. அம்மாநில மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். "தெற்கு ஆதரித்தது" என்னும்போது, தெற்கத்தியரான அவர்களை உங்கள் வரி கணக்கிலேயே சேர்க்கவில்லை. கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) வாரியாக விவரம் தரும் 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து அவ்வரி இருந்த பத்தியைத் தொடங்குங்கள்.