பழைய சிடிகளுக்கு இணையத்தில் நியாயமான விலை கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் வேலை பார்த்த என் அண்ணன் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். அங்கே சேர்த்துவைத்த இருநூறு சிடி, டிவிடிகளை, பழைய வட்டுகளை வாங்கும் ஓர் இணைய நிறுவனத்திடம் விற்கலாம் என்று பார்கோடுகளை ஸ்கேன் செய்து பார்த்தார். பெரும்பாலானவற்றுக்குச் சில பென்னிகள்தான் தருவதாகக் காட்டுகிறது. தமிழ்ப் பாட்டு சிடிகளை வாங்கவே மறுக்கிறது. இது நியாயமான விலைதானா? அல்லது எல்லாவற்றையும் கார்கோவில் ஊருக்கு அனுப்பச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு அந்த நிறுவனத்துக்கு அனுப்பினால் உங்கள் அண்ணனுக்கு நட்டம்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலான வட்டுகளுக்கு அந்தச் சில பென்னிகளே நியாயமான விலை என்பது என் கருத்து.

ஜெர்மனியில் 2004-இல் தொடங்கிய மோமாக்ஸ், இங்கிலாந்தில் 2007-இல் தொடங்கிய மியூசிக் மேக்பை போன்ற நிறுவனங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே முறையில்தான் விலை வைக்கின்றன. நீங்கள் பார்கோடைக் காட்டியதும், அந்தத் தலைப்பு தங்கள் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, அண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதைக் கணினி பார்த்து ஒரு தொகையைச் சொல்லும். ஒரு சிடி மூன்று பவுண்டுக்கு விற்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடமிருந்து பெட்டி வருவதற்கான அஞ்சல் செலவு, வட்டைச் சோதிப்பவரின் கூலி, கிடங்கு வாடகை, விற்பனைத் தளத்தின் கமிஷன், வாங்குபவருக்கு அனுப்பும் செலவு ஆகிய அனைத்தும் அந்த மூன்று பவுண்டுக்குள்தான் அடங்க வேண்டும். விற்காமல் தேங்கும் வட்டுகளின் நட்டத்தையும் அதே தொகைதான் தாங்க வேண்டும். இலட்சக்கணக்கில் அச்சடிக்கப்பட்டு எல்லார் வீட்டிலும் கிடக்கும் ஒரு பாப் இசைத் தொகுப்புக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது வீண்.

அநியாயம் நேர்வது வேறு இடத்தில். அரிதான வட்டையும் மலிவான வட்டையும் ஒரே பெட்டியில், ஒரே மொத்தத் தொகைக்கு அனுப்பும்போதுதான் ஏமாற்றம் வருகிறது. நம் கரையில் விலை உயர்ந்த சீலா மீனையும் மலிவான காரல் மீனையும் ஒரே கூறாகப் போட்டு ஏலம் விட்டால் என்ன விலைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே அனுப்புவதற்கு முன்பு, சற்றே அபூர்வம் என்று தோன்றும் ஒவ்வொரு சிடியையும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் தளத்தில், ஒரு பதிப்பு இதுவரை விற்ற மிகக் குறைந்த விலை, நடுத்தர விலை, மிக உயர்ந்த விலை மூன்றும் தெரியும். பதிப்பை அடையாளம் காண, வட்டின் அடிப்பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரே அட்டையோடு வந்த இரு வட்டுகளின் விலை அந்த எண்ணால் மிகவும் வேறுபடுவது உண்டு.

தமிழ் சிடிகளை மறுப்பதற்குக் காரணம், அவை அந்த நிறுவனத்தின் பட்டியலில் இல்லை என்பது மட்டுமே. இந்தியாவில் பதிவான பார்கோடுகள் 890 என்று தொடங்கும். பழைய தமிழ் வெளியீடுகள் பலவற்றில் பார்கோடே கிடையாது. தொடக்க காலத்தில் வெளிவந்த திரையிசை சிடிகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் தமிழகத்திலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். அவற்றைக் கட்டாயம் ஊருக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டியோடு ஒரு சிடி ஏறக்குறைய 100 கிராம் எடை வரும். வட்டு மட்டும் 16 கிராமுக்குள் அடங்கும். கார்கோ எடை கவலையாக இருந்தால் பிளாஸ்டிக் பெட்டியை விட்டுவிட்டு, வட்டையும் உள்ளிருக்கும் புத்தகத்தையும் பின்னட்டையையும் உறையிலிட்டு அனுப்பலாம். பெட்டிக்கு மாற்று உண்டு, புத்தகத்துக்குக் கிடையாது.

டிவிடிகளை மட்டும் அங்கேயே விற்றுவிடுவது நல்லது. உலகை மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி பல டிவிடிகளைப் பூட்டி வெளியிடுகிறார்கள். இங்கிலாந்து டிவிடிகள் மண்டலம் 2-க்கு உரியவை, நம் நாடு மண்டலம் 5; புளூ-ரேயில் அங்கே பி, இங்கே சி. மண்டலப் பூட்டு உள்ள வட்டு நம் ஊர்ப் பிளேயரில் ஓடாது. ஓடாததை இங்கே யாரும் வாங்கப் போவதில்லை. சிடிக்கு இந்தப் பூட்டு கிடையாது.

கடைசியாக ஒன்று. திரையில் காட்டும் தொகை இறுதியானது அல்ல. வட்டைச் சோதித்த பின் குறைக்கவும், நிராகரித்ததைத் திருப்பித் தராமல் இருக்கவும் இடம் தரும் நிபந்தனைகள் இந்தத் தொழிலில் உண்டு. அதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு வட்டின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு அனுப்பட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த சிடிகளிலும் புள்ளி விழுந்திருக்கிறது. விலை குறையுமா?
– ஒரு வாசகர், பாம்பன்

பதில்: குறையும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த உப்புக்காற்று, சிடியில் இருக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சை விட்டுவைக்காது. சிடியின் மொத்தத் தடிமன் 1.2 மில்லிமீட்டர், ஆனால் பாட்டு பதிந்த பூச்சு எழுத்து அச்சடித்த மேற்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு மெல்லிய அரக்குப் படலத்தின் காவலில் மட்டும் இருக்கிறது. அதனால் அடிப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறலே ஆபத்தானது. டிவிடியில் பூச்சு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் சற்றுத் தாக்குப்பிடிக்கும்.

வட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெளிச்சம் பல இடங்களில் கசிந்தால், பூச்சு போய்விட்டது என்று பொருள். அதை நல்ல நிலை என்று சொல்லி விற்கக் கூடாது, சொன்னாலும் சோதனையில் தெரிந்துவிடும். வெளிச்சம் கசியாமல் கறை மட்டும் தெரிந்தால் அது மேலே படிந்த பூஞ்சையாக இருக்கலாம். குடிதண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, பிளேயர் வட்டைப் படிப்பதைக் கெடுக்கும். நம் கடலோரக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் படிந்து நிற்கும்.

கேள்வி: நான் முன்பு சிடி வாடகைக் கடை நடத்தியவன். ஒரிஜினல் படங்களும் நகல்களுமாக இரண்டு மூட்டை மிஞ்சியிருக்கிறது. இணையத்தில் விற்க முடியுமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: நகல்களை விற்க நினைக்கவே வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆவது பிரிவின்படி, தெரிந்தே வணிக நோக்கில் இதைச் செய்பவருக்குக் குறைந்தது 6 மாதச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமிழ்நாட்டில் 2004 முதல் குண்டர் சட்டமும் திருட்டு விசிடிக்குப் பொருந்தும். ஒரிஜினல்களுக்கும் பெரிய விலை கிடைக்காது. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்த பிறகு அவை எங்கும் நிறைந்துவிட்டன. புதிதாகவே அந்த விலைக்கு வந்த பொருளுக்கு, வாடகைக் கடை ஸ்டிக்கரும் கீறலும் சேர்ந்தால் அஞ்சல் செலவுகூடத் தேறாது. இருந்தாலும் மூட்டையாகக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்பு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எந்த ஓடிடி தளத்திலும் கிடைக்காத பழைய படம் ஏதாவது இருந்தால், அதைத் தனியே, நேரடியாகச் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்பதுதான் சரி.