கடலும் கணினியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மாமாவும் அவருடைய சிநேகிதரும் சேர்ந்து 28 அடிப் பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். காலித் துறைமுகத்தில் நிற்கிறது. ஏப்ரலில் திருகோணமலைக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. லொக் (படகின் பயணக் குறிப்பேடு) எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கோ கடலில் குனிந்து நாலு வரி எழுதினாலே வாந்தி வரும். வீட்டில் பழைய லப்டொப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஜிபிஎஸ்ஸை மாட்டி, எத்தனை மணிக்கு எங்கே நின்றோம், என்ன வேகத்தில் போனோம் என்று தானாகவே எழுத வைக்கலாமா? என்ன வாங்க வேண்டும்? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. யூஎஸ்பி வயரோடு வரும் சின்ன ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று போதும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ விசாரித்துப் பாருங்கள். ஜிபிஎஸ் என்று கேட்டதும் காருக்குப் பூட்டுகிற திரையுள்ள பெட்டியை நீட்டுவார்கள். இல்லாவிட்டால் முச்சக்கரவண்டி களவு போனால் கண்டுபிடிக்க சிம் போடுகிற பெட்டியை நீட்டுவார்கள். இரண்டும் வேண்டாம். "இது என்எம்இஏ 0183 வரிகளைக் கணினிக்கு அனுப்புமா?" என்று மட்டும் கேளுங்கள். முழிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

அந்த என்எம்இஏ 0183 என்பது கப்பல் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பழைய பாஷை. வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறந்து கண்ணாலேயே வாசிக்கலாம். ரிசீவர் வழக்கமாக வினாடிக்கு ஒரு தடவை சில வரிகளைக் கொட்டும். ஒவ்வொரு வரியும் டொலர் குறியில் தொடங்கும், நடுவில் காற்புள்ளிகள், கடைசியில் நட்சத்திரக் குறியும் இரண்டெழுத்துச் சரிபார்ப்பும். ஒரு வரி 82 எழுத்தைத் தாண்டாது. உங்களுக்கு வேண்டியது ஆர்எம்சி என்ற வரி. நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, நொட்டில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற கணக்கில்) வேகம், போகும் திசை, திகதி எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கும். நேரத்துக்கு அடுத்தாற்போல் ஓர் ஒற்றை எழுத்து வரும். அது 'ஏ' என்றால் இடம் நம்பத்தக்கது, 'வி' என்றால் ரிசீவருக்கு இன்னும் செய்மதிகள் சரியாகப் பிடிபடவில்லை. கணக்குப் போடும்போது 'வி' வரிகளைச் சேர்க்க வேண்டாம்.

பதிவதற்கு ஓப்பன் சிபிஎன் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். கடல் வரைபடத்தில் படகு நகர்வதைக் காட்டும், போன தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகவும் தரும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு விடிஆர் என்றொரு துணைச்செருகி உண்டு. ரிசீவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் கோப்பில் எழுதிவைப்பது அதன் வேலை. நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இதைத்தான்: மணிக்கொரு தடவை அழகாக அட்டவணை போட்டுத் தரும் மென்பொருள் பிறகு, மூல வரிகள் முதலில். அரிசி கையில் இருந்தால் எப்போதும் சோறாக்கலாம், சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியாது. இடம் போதுமா என்று பயப்பட வேண்டாம். நாளைக்கு 86,400 வினாடி; ஆர்எம்சி வரி மட்டும் என்றால் சுமார் 6 மெகாபைட். கலியாண வீட்டில் கைபேசியால் எடுத்த இரண்டு படத்துக்குப் பக்கத்தில்தான் வரும். காலியிலிருந்து திருகோணமலை இருநூறு கடல் மைலுக்கு மேல். வழியில் எங்கும் தங்கினாலும் கவலையில்லை.

ரிசீவரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பைபர் படகானால் கூரைக்குக் கீழேயே வைக்கலாம், சமிக்ஞை உள்ளே வரும். இரும்பு, அலுமினியம் என்றால் வெளியேதான். வாங்கிய ரிசீவரைத் திருப்பி அடியைப் பாருங்கள். கார்க் கூரையில் ஒட்டிக்கொள்வதற்காகப் பல மாதிரிகளில் காந்தம் வைத்திருப்பார்கள். அதைச் சுக்கானுக்கு முன்னால், திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினால் திசைகாட்டி ரிசீவரைப் பார்த்துத் திரும்பும். கணினி ஒழுங்காக லொக் எழுதும், மாமா ஒழுங்காகத் தப்பான திசையில் ஓட்டுவார்.

அப்புறம் மின்சாரம். பழைய லப்டொப்பை இன்வேர்ட்டர் வழியாக ஓட்டினால் 12 வோல்ட் பற்றரியில் சுமார் 4 அம்பியர் இழுக்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 100 அம்பியர்-மணிப் பற்றரி காலி. இரவில் விளக்குக்கும் றேடியோவுக்கும் என்ன செய்வீர்கள்? சூரியத் தகடு இல்லாத படகென்றால் இதை மாமாவோடு முதலே பேசிவிடுங்கள்.

கேள்வி: அங்கிள், பைதனில் சின்ன புரோகிராம் எழுதி, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ரிசீவரை வைத்துப் பார்த்தேன். அகலாங்கு 0656.88, நெட்டாங்கு 07951.60 என்று வந்தது. நூறால் வகுத்து வரைபடத்தில் போட்டால் எங்கள் வீடு நடுக்கடலில் நிற்கிறது! ரிசீவர் பழுதா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: ரிசீவர் சரியாகத்தான் சொல்கிறது, பிள்ளை. அது பாகையும் கலையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒட்டி எழுதிய எண். 0656.88 என்றால் 6 பாகை, 56.88 கலை. கலையை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும்: 6.948. நெட்டாங்கும் அப்படியே, 79.860. நீங்கள் நூறால் வகுத்ததால் 6.5688, 79.5160 ஆகி, களுத்துறைக்கு மேற்கே 25 கடல் மைலுக்கும் அப்பால் வீடு மிதக்கிறது.

இந்தப் பிழையில் ஒரு விஷமம் உண்டு. கலை சிறிதாக இருக்கும் இடத்தில் பிழையும் சிறிதாகத்தான் தெரியும். காலியின் அகலாங்கு ஏறத்தாழ 6 பாகை 2 கலை. அங்கே வைத்துச் சோதித்திருந்தால் வடக்குத் தெற்கில் ஒரு கடல் மைல்கூடப் பிசகியிருக்காது. "பரவாயில்லை, கொஞ்சம் தள்ளிக் காட்டுகிறது" என்று விட்டிருப்பீர்கள். கொட்டாஞ்சேனை உங்களைக் காப்பாற்றியது. மூல வரிகளை வைத்திருந்தால் புரோகிராமில் ஒரு வரி திருத்தி மறுபடி ஓட்டுங்கள், பழைய பதிவெல்லாம் நேராகிவிடும்.

கேள்வி: ஜிபிஎஸ்ஸைச் செருகியதும் லப்டொப்பில் மவுஸ் பேய் பிடித்தமாதிரி ஓடுகிறது, கண்டபடி கிளிக் செய்கிறது. வைரஸா? (மொரட்டுவை வாசகர்)

பதில்: வைரஸ் இல்லை. அந்தக் காலத்து மவுஸ்கள் சீரியல் போர்ட்டில்தான் பேசின. உங்கள் ரிசீவரும் கணினிக்கு அப்படியொரு போர்ட்டாகவே தெரியும். அதிலிருந்து விடாமல் எழுத்து வந்தால், அது மவுஸ்தான் என்று விண்டோஸ் சில வேளை முடிவு கட்டிவிடும். டிவைஸ் மனேஜரைத் திறந்து மவுஸ் பகுதியைப் பாருங்கள். "சீரியல் போல்பொயின்ட்" என்று ஒன்று புதிதாக முளைத்திருக்கும். அதை முடக்குங்கள், அழிக்க வேண்டாம். அழித்தால் அடுத்த தடவை திரும்பி வரும். கணினி முழுதாக எழும்பிய பிறகு ரிசீவரைச் செருகுவதும் ஒரு வழி.

கேள்வி: தம்பி கனடாவிலிருந்து முன்பு கொண்டுவந்த ரிசீவர். இடம் துல்லியமாகக் காட்டுகிறது, நேரமும் சரி. ஆனால் திகதி மட்டும் 2005 என்கிறது. 2025 பெப்ரவரி 15 அன்று ஓடியதை 2005 ஜூலை 2 என்று எழுதியிருக்கிறது. எறிந்துவிடவா? (நீர்கொழும்பு வாசகர்)

பதில்: எறியாதீர்கள். ஜிபிஎஸ் செய்மதிகள் திகதியை வருடக் கணக்கில் அனுப்புவதில்லை, வார எண்ணாக அனுப்புகின்றன. அந்தப் பழைய சமிக்ஞையில் வார எண்ணுக்கு இருக்கும் இடம் 1,024 வரைதான், பிறகு சைபரிலிருந்து மறுபடி தொடங்கும். 1999 ஓகஸ்ட்டில் ஒரு தடவை அப்படி நடந்தது, 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் இன்னொரு தடவை. இது எத்தனையாவது சுற்று என்று ஊகிப்பது ரிசீவருக்குள் இருக்கும் மென்பொருளின் பொறுப்பு. பழைய ரிசீவர் ஒரு கட்டத்துக்குப் பிறகு தப்பாக ஊகிக்கும்.

நீங்கள் கொடுத்த இரண்டு திகதியையும் பாருங்கள், இரண்டுமே சனிக்கிழமை. முழு வாரங்களாகத்தானே பிசகியிருக்கிறது! கோப்பில் உள்ள திகதியோடு 7,168 நாளைக் கூட்டுங்கள், முடிந்தது கதை. மூலக் கோப்பில் கைவைக்காமல், அதைப் படிக்கும் புரோகிராமில் கூட்டுங்கள்.

திகதி என்றதும் இன்னொன்று. ரிசீவர் தருவது உலகப் பொது நேரம். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே விடிகாலை ஐந்தரைக்கு முன் நடந்ததெல்லாம் கோப்பில் முதல் நாள் திகதியில்தான் கிடக்கும். சிலர் பதியும்போதே இலங்கை நேரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. 1996இல் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள், அதே வருடம் அரை மணி பின்னே இழுத்தார்கள், 2006இல் மறுபடி ஐந்தரைக்கு வந்தோம். அரசாங்கங்கள் கடிகாரத்தோடு விளையாடும். கோப்பில் பொது நேரமே இருக்கட்டும்.

கேள்வி: பொல்கொட வாவியில் இரவு முழுக்கக் கட்டிவைத்திருந்த படகு இரண்டு மைல் ஓடியதாகக் கணினி கணக்குக் காட்டுகிறது. எப்படி? (பாணந்துறை வாசகர்)

பதில்: கட்டிய படகிலும் ஜிபிஎஸ் சொல்லும் இடம் சில மீற்றர் அங்குமிங்கும் அலையும். வினாடிக்கு வினாடி அந்த அலைச்சலைக் கூட்டிக்கொண்டே போனால் விடியும்போது மைல் கணக்கில் சேரும். வேகம் அரை நொட்டுக்குக் கீழே என்றால் தூரத்தைக் கூட்டாதே என்று புரோகிராமுக்குச் சொல்லிவிடுங்கள். ஆர்எம்சி வரியில் வரும் வேகத்தைப் பெரும்பாலான ரிசீவர்கள் இரண்டு இடங்களைக் கழித்துப் போடுவதில்லை. செய்மதிச் சமிக்ஞையின் அலைவரிசை எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து எடுப்பதால் அது இடத்தைவிட நிதானமாக நிற்கும்.

இதற்குப் பயந்து மணிக்கொரு புள்ளி மட்டும் பதிந்தால் வேறு வம்பு. காற்றை எதிர்த்து இடமும் வலமுமாக 45 பாகையில் மாறி மாறி ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். 6 மைல் ஓடிய படகு, தொடங்கிய இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நேர்கோடு போட்டால் 4 மைல் சொச்சம்தான் போயிருக்கும். உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போல லொக்கில் காணாமல் போய்விடும். 6 நொட்டில் நிமிடத்துக்கு 185 மீற்றர் போவீர்கள்; கணக்குக்கு நிமிடத்துக்கொரு புள்ளி எடுத்தால் போதும்.

கேள்வி: நாற்பது வருடம் கடலில் இருந்தவன் நான். பென்சிலால் எழுதாத லொக் லொக்கே இல்லை. உங்கள் கணினிக்குக் காற்று தெரியுமா? (கல்கிசை வாசகர்)

பதில்: தெரியாது ஐயா. நீரோட்டமும் தெரியாது. ஜிபிஎஸ் சொல்வது நிலத்தை வைத்துப் பார்த்த வேகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெவுந்தரமுனைக்கு வெளியே நீரோட்டம் கிழக்கே இழுக்கும், வடகீழ்க் காற்றுக் காலத்தில் மேற்கே. படகு நன்றாக ஓடியதா, கடல் தூக்கிக்கொண்டு போனதா என்று ஜிபிஎஸ் கோப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தப் பாய் விரித்திருந்தது, பாரமானி இறங்கியதா, எஞ்சின் எத்தனை மணிநேரம் ஓடியது, சுக்கானில் யார் இருந்தார் என்பதெல்லாம் உங்கள் பென்சிலுக்குரியது. இடத்தையும் நேரத்தையும் மட்டும் கணினியிடம் விடுங்கள் என்கிறேன். நடுச்சாமத்தில் தூக்கக் கலக்கத்தில் 51ஐ 15 என்று எழுதாத மாலுமி உண்டா, சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பல நாள் படகில் விஎம்எஸ் பூட்டியிருக்கிறது. அதற்கு மேலே இதுவும் வேண்டுமா? (முகத்துவாரம் வாசகர்)

பதில்: விஎம்எஸ் படகின் இடத்தைச் செய்மதி வழியாகக் கடற்றொழில் திணைக்களத்துக்குச் சொல்கிறது. 2015இல் ஐரோப்பா நமது மீனை வாங்க மறுத்த பிறகு அந்த ஏற்பாடு இறுக்கமாகியது. அது அவர்களுடைய பதிவு. எந்த இடத்தில் வலை போட்டீர்கள், எங்கே டீசல் வீணானது என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்க உங்கள் கையில் ஒரு பதிவு வேண்டுமானால் இதுவும் வேண்டும். ஆனால் விஎம்எஸ் பெட்டியின் வயரில் கைவைத்து அதிலிருந்து எடுக்கப் பார்க்காதீர்கள். தனி ரிசீவர் போடுங்கள்.

கேள்வி: லப்டொப்புக்குப் பதில் ரஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகை போட்டேன். மின்சாரம் குறைவாகத்தான் எடுக்கிறது. ஆனால் பிரதான சுவிட்சை அணைத்த பிறகு இரண்டு தடவை மெமரி கார்டு பழுதாகி எல்லாம் போய்விட்டது. (தெஹிவளை வாசகர்)

பதில்: எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் கார்டு கெட்டுப்போவது வழக்கம்தான். முறையாக அணைக்க ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தி விளக்கு நின்ற பிறகே பிரதான சுவிட்சைத் தொடுங்கள். பதிவுகள் இயங்குதளம் இருக்கும் கார்டில் போகாமல் தனி யூஎஸ்பி குச்சியில் போகட்டும். ஒரே பெரிய கோப்பாக வைக்காமல் நாளுக்கொரு கோப்பாகத் திறக்கச் சொல்லுங்கள். கெட்டாலும் அன்றைய கோப்போடு போகும். படகிலிருந்து இறங்கும்போது குச்சியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் தடவிப் பார்க்கவும்.