வெளிநாட்டுக்கு லேப்டாப், மிக்ஸி எல்லாம் எடுத்துப் போகிறோம். எந்த பவர் கார்டு, எந்த அடாப்டர் வாங்குவது?

மண்ணடியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போய் வருகிறவர்கள் நிறைந்த ஏரியா என்பதால் இந்தக் கேள்வி கடைக்கு அடிக்கடி வரும். "எல்லா நாட்டுக்கும் சேர்ற மாதிரி ஒரு அடாப்டர் குடுங்கண்ணே" என்றுதான் கேட்பார்கள். பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டு வரச் சொல்வேன்.

அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலை இல்லை, எந்த நாட்டிலும் ஓடும். லேப்டாப், போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த ரகம். வெறும் 230 வோல்ட் என்று இருந்தால் அமெரிக்கா, கனடா (120 வோல்ட்), ஜப்பான் (100 வோல்ட்) பக்கம் கொண்டு போக வேண்டாம். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. நம் ஊர் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 120 வோல்ட்டில் சுமார் 270 வாட்தான் எடுக்கும், காட்டன் சட்டையில் ஒரு சுருக்கம் போகாது. அங்கே வாங்கிய 120 வோல்ட் ஹேர் டிரையரை இங்கே செருகினால் நேர் எதிர், புகைதான்.

லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம் என்பது என் கட்சி. சார்ஜர் பெட்டிக்குள் போகும் முனை உலகம் முழுக்க ஒன்றுதான். மிக்கி மவுஸ் என்று சொல்கிறோமே, அது சி5. எட்டு போட்ட மாதிரி இருப்பது சி7. டெஸ்க்டாப், மானிட்டருக்குப் போவது சி13. சுவர்ப் பக்கம்தான் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே அந்த ஊர் பிளக் உள்ள கார்டு ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் போதும். எர்த்தும் ஒழுங்காகக் கிடைக்கும், சுவரில் தொங்கி ஆடாது.

சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்கு பிரிட்டிஷ் சதுரப் பின் கார்டு. நாம் இன்றும் பயன்படுத்தும் உருண்டை மூன்று பின்னும் அவர்கள் விட்டுப்போனதுதான். 1947-ல் அவர்களே புதுத் தரத்துக்கு மாறிவிட்டார்கள், நாம் பழையதையே பிடித்துக்கொண்டோம். அந்தப் புது பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கும். அலங்காரத்துக்கு இல்லை. பிரிட்டனில் வீட்டைச் சுற்றி ஓடும் லைன் 32 ஆம்பியர். மெல்லிய கார்டில் கோளாறு வந்தால் அந்த பிரேக்கர் விழுவதற்குள் ஒயர் எரிந்துவிடும், அதனால் கார்டுக்கென்று தனி ஃபியூஸ். பர்மா பஜாரிலோ வேறெங்கோ மலிவாகக் கிடைத்தால், பிளக்கில் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துச் சின்ன மூடியை நெம்பிப் பாருங்கள். லேப்டாப் கார்டில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். மூடியே இல்லாத, ஃபியூஸே இல்லாத போலிகள் உண்டு. ஒரு காந்தத்தையும் ஒயரில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு பூசிய இரும்பு.

அங்கே போனதும் சிலர் எர்த் துளையில் பேனா மூடியைக் குத்தி, நம் ஊர் இரண்டு பின்னைச் செருகுவார்கள். செய்யாதீர்கள். ஃபியூஸும் இல்லை, பின்னும் சரியாகப் பிடிக்காது.

ஜெர்மனியில் உருண்டை இரண்டு பின், எர்த் பக்கவாட்டுத் தகடுகளில். அந்த பிளக் நம் சாக்கெட்டிலும் லொடலொடவென்று நுழைந்துவிடும், ஆனால் எர்த் தொடாது. அங்கே வாங்கிய இரும்பு உடம்புச் சாமான்களை இங்கே அப்படி ஓட்டினால் ஷாக் வாங்க வாய்ப்பு உண்டு.

சரி, மிக்ஸி. அமெரிக்காவுக்கு 750 வாட் மிக்ஸியை வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் ஸ்டெப் அப் டிரான்ஸ்பார்மரோடு எடுத்துப் போகலாம்தான். ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டுக்கு 1500 வாட் டிரான்ஸ்பார்மராவது வேண்டும், அது மிக்ஸியைவிடக் கனம். நம் கம்பெனிகளே 110 வோல்ட் மிக்ஸி செய்கின்றன, அதை வாங்குங்கள்.

கிரைண்டர் கதை வேறு. அதன் மோட்டார் ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், சவூதியில் 60 ஹெர்ட்ஸ் என்பதால், வோல்ட் சரியாக இருந்தாலும் கல் ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், மாவு சூடேறும். லேபிளில் 60 ஹெர்ட்ஸ் இல்லாத கிரைண்டரை அம்மாவிடமே விட்டுவிட்டுப் போங்கள்.