படையில் சேருகிறவர் யாருக்குச் சத்தியம் செய்கிறார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அண்ணன் மகன் இராணுவத்தில் சேர விண்ணப்பித்திருக்கிறான். சேரும்போது சத்தியம் செய்ய வேண்டுமாமே? கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் சொல் தவறினால் அது குடும்பத்தையே பிடிக்கும் என்று தோட்டத்துப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். கடவுள் பெயரால்தான் செய்ய வேண்டுமா? – வாசகி, ஹாலிஎல

பதில்: வேண்டியதில்லை. சட்டப்படி சத்தியம் செய்ய வேண்டிய இடத்தில், பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும், சத்தியம் செய்ய மனச்சாட்சி இடந்தராத எவரும், அதற்குப் பதிலாக, கடவுள் பெயரைச் சொல்லாமலே உறுதி கூறும் உறுதியுரை செய்யலாம் என்று இலங்கையின் 1895ஆம் ஆண்டு 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அன்றே இடமளித்துவிட்டது. இது உங்களுக்குப் புதிதன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருக்கிறது என்று சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி எழுதியவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். அதன் முதல் வரியை எடுத்துப் பாருங்கள்: இந்துவானால் "பயபக்தியுடனும் உண்மையுடனும் வெளிப்படுத்தி உறுதிப்படுத்துகிறேன்" என்ற பாங்கிலும், கிறிஸ்தவரானால் "சத்தியம் செய்து கூறுகிறேன்" என்ற பாங்கிலும் எழுதப்பட்டிருக்கும். சட்டத்தின் முன் இரண்டுக்கும் ஒரே வலு. காணாமற்போன கோழிக்காக மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றும் வழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பெரியவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. உறுதியுரையோடு கையொப்பமிடப்படும் சேர்க்கைப் பத்திரத்தில் வயது, கல்வி, திருமணம், முன்னைய குற்றத் தீர்ப்பு போன்றவை கேட்கப்படும்; அங்கே தெரிந்தே பொய் எழுதுவது குற்றம். கையொப்பமிட்ட பின்னர் பையன் 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவனாகிறான். விடுமுறை முடிந்தும் முகாமுக்குத் திரும்பாமல் லயத்திலேயே தங்கிவிட்டால், தோட்ட வேலைக்குப் போகாத நாளைப் போலப் பேர் (அன்றைய சம்பளம்) வெட்டுவதோடு அது முடியாது, இராணுவ நீதிமன்றம் வரை போகக்கூடும். ஆகவே பெயர்க் குழப்பம் ஏதும் இருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொள்ளட்டும். 13ஆவது திருத்தத்துக்குப் பின் தமிழும் அரச கரும மொழியாகையால், பத்திரம் விளங்காவிட்டால் தமிழில் விளக்கும்படி கேட்டபின் கையொப்பமிடட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: வீரர் விசுவாசம் தெரிவிப்பது ஜனாதிபதிக்கா, நாட்டுக்கா? – வாசகர், பண்டாரவளை

பதில்: நாட்டுக்கு. 1949இல் இலங்கை இராணுவம் தொடங்கியபோது இங்கே முடியாட்சி இருந்தது. வீரரின் விசுவாசமும் முடிக்கே உரியதாயிருந்தது. 1972 மே 22இல் நாடு குடியரசானதும் அந்த இடத்துக்குக் குடியரசு வந்தது. ஜனாதிபதி முப்படைகளின் தளபதிதான், ஆனால் அவரும் பதவியேற்கும்போது அரசியலமைப்பைப் பேணிக் காப்பதாக உறுதியுரை செய்தாக வேண்டும். பிரித்தானியாவில் இன்றும் தரைப்படையில் சேருகிறவர் மன்னருக்கே விசுவாசம் கூறுகிறார். அமெரிக்காவில் சாதாரணப் படைவீரர் முதலில் அரசியலமைப்பையும், அதன் பின்னரே ஜனாதிபதியின் கட்டளையையும் ஏற்கிறார்; அதிகாரிகளின் சத்தியத்திலோ ஜனாதிபதி என்ற பேச்சே இல்லை.

தனி மனிதருக்குச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியைவிட வேறு சாட்சி தேவையில்லை. 1934 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் இறந்த அன்றே, ஹிட்லர் என்ற மனிதருக்கு, அவர் பெயரைச் சொல்லியே, நிபந்தனையற்ற கீழ்ப்படிதலை அந்நாட்டுப் படைவீரர்கள் சத்தியம் செய்தார்கள். அவரை எதிர்க்காமல் இருந்ததற்குப் பல அதிகாரிகள் பின்னாளில் சொன்ன காரணம் அந்தச் சத்தியந்தான். எனக்கு அது காரணமாகவல்ல, சாக்காகவே படுகிறது. ஆயினும் அப்படியொரு சாக்குக்கு இடம் கொடுத்த வாசகத்தை எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதினார்கள். இன்றைய ஜெர்மன் வீரர், ஜெர்மன் மக்களின் உரிமையையும் சுதந்திரத்தையும் காப்பதாகவே சொல்கிறார்.

கேள்வி: சத்தியம் செய்ய மறுத்தவர்கள் நம் மலையகத்தில் இருந்திருக்கிறார்களா? – மாணவர், தியத்தலாவை

பதில்: உங்கள் ஊரிலேயே இருந்தார்கள். இன்று இராணுவக் கல்லூரி இருக்கும் தியத்தலாவையில்தான், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் (அங்கு குடியேறிய டச்சு வழிவந்தோர்) கைதிகளுக்காக 1900இல் பிரித்தானியர் முகாம் அமைத்தனர். 1902இல் போர் முடிந்தபின், பிரித்தானிய முடிக்கு விசுவாசம் கூறினால் ஊர் திரும்பலாம் என்றார்கள். பெரும்பாலோர் கூறிவிட்டுக் கப்பலேறினர்; மறுத்த மிகச் சிலரில் எங்கல்பிரெக்ட் என்பவர் இங்கேயே தங்கி, பின்னர் யால வனவிலங்குக் காப்பாளரானார். அவர் மறுத்தது தோற்கடித்தவனின் முடிக்குத் தலைவணங்க. படையில் சேரத் தானாகவே விண்ணப்பிக்கும் இளைஞருக்கு அந்த நெருக்கடி இல்லை. மனம் ஒப்பவில்லையென்றால் கையொப்பமிடுவதற்கு முன்பே அவர் வீடு திரும்பிவிடலாம்.