மார்பகப் புற்றுநோய்க் கணக்கு: கேள்வி பதில்

புற்றுநோய்ப் பதிவேட்டில் பல ஆண்டுகள் கணக்கெழுதியவள் நான். மருத்துவர் அல்ல. எண்களைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

எட்டுப் பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வருமாமே? எங்கள் அலுவலகத்தில் பதினாறு பெண்கள். இருவருக்கு வந்துவிடுமா?

அப்படிப் பொருளல்ல, பயப்படாதீர்கள். அது அமெரிக்கப் பெண்களின் கணக்கு. அதுவும் முழு ஆயுளுக்கும் சேர்த்துப் போட்டது. அங்கேயே முப்பது வயதுப் பெண்ணுக்கு அடுத்த பத்தாண்டுகளில் வரும் வாய்ப்பு சுமார் 200இல் ஒன்றுதான். எழுபது வயதில் அது 25இல் ஒன்று என்ற அளவுக்கு ஏறிவிடும். நோய் அரிது என்று சொல்ல வரவில்லை. 2022இல் உலகெங்கும் சுமார் 23 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தார்கள்.

பணக்கார நாடுகளில்தான் அதிகமாமே?

வருவது அங்கே அதிகம், சாவது இங்கே அதிகம் என்ற கதைதான். மிகவும் வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு ஆயுளில் இந்நோய் வருகிறது; 71இல் ஒருவர் இதனால் இறக்கிறார். மிகவும் பின்தங்கிய நாடுகளில் 27இல் ஒருவருக்குத்தான் வருகிறது, ஆனால் 48இல் ஒருவர் இறக்கிறார். இத்தனை ஆண்டுகளில் என்னை உறங்கவிடாத எண்கள் இவைதான். தாமதமான முதல் பேறு, குறைவான பேறுகள், மது, மாதவிடாய் நின்றபின் கூடும் எடை ஆகியவை நோய் வருவதைக் கூட்டுகின்றன. இறப்பைக் கூட்டுவது, கட்டி முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருவதும் சிகிச்சையைப் பாதியில் விடுவதும்.

உண்மையிலேயே அதிகம் பேர் பிழைக்கிறார்களா? முன்கூட்டியே கண்டுபிடிப்பதால் அப்படித் தெரிகிறதா?

சரியான சந்தேகம். 65 வயதில் இறக்கப்போகிற ஒருவருக்கு நோயை 62இல் கண்டால் மூன்றாண்டு, 59இல் கண்டால் ஆறாண்டு 'பிழைத்தார்' என்று கணக்கு காட்டும். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடியிருக்காது. அதனால்தான் நான் முதலில் இறப்பு விகிதத்தைப் பார்ப்பேன். அமெரிக்காவில் 1989க்குப் பிறகு அது 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. அது கண்கட்டு வித்தை அல்ல. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, டமாக்ஸிபென் என்ற ஹார்மோன் தடுப்பு மருந்து, 1998இல் வந்த டிராஸ்டுஜுமாப் மருந்து எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு.

அம்மாவுக்கு மூன்றாம் நிலை. ஐந்தாண்டு பிழைப்போர் விகிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன்.

ஐந்தாண்டு என்பது கெடு அல்ல, தங்கையே. அளப்பதற்கு வசதியாக நட்ட மைல்கல். மேலும், அந்த எண் சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களுடையது. அம்மாவின் கட்டியில் ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு கட்டியை வளரவைப்பவை) உள்ளனவா, ஹெர்2 (கட்டியை வேகமாக வளர்க்கும் புரதம்) மிகுதியாக உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிலையைப் போலவே அதுவும் முக்கியம்.

ஆண்களுக்கு?

வரும். நூறு நோயாளிகளில் ஒருவர், அல்லது அதற்கும் குறைவு.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. சிறு கட்டி தென்படுகிறது, வலியில்லை. காத்திருக்கலாமா?

வேண்டாம். நோய் வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பெண்ணாய் இருப்பதும் வயது நாற்பதைக் கடந்ததும் தவிர வேறு காரணம் எதுவும் தெரிவதில்லை. வலியில்லாமலும் புற்றுக்கட்டி இருக்கும். பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல என்பதும் உண்மை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பரிசோதனை, நானல்ல. அறிகுறி தெரிந்து மருத்துவரைப் பார்த்த 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டியை முதலில் கவனித்து எத்தனை நாளாகிறது என்று நீங்கள் எழுதவில்லையே?