தொப்பியும் உண்டியலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்ததைப் பற்றி எதைப் படித்தாலும் அவருடைய ரோமத் தொப்பியும் பேச்சுச் சாமர்த்தியமும்தான் வருகின்றன. 1782இல் பிரான்சுக்குத் தெரியாமல் இங்கிலாந்தோடு சமாதானம் பேசி முடித்தார், பிறகு அதே பிரான்சிடம் கடனும் வாங்கினார் என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். நம்பிக்கைத் துரோகம் செய்தவருக்கு யாராவது கடன் கொடுப்பார்களா? இன்னொன்று. நான் கடலூர்க்காரன். எங்கள் ஊர் முற்றுகை நின்றது அந்தச் சமாதானத்தால்தான் என்கிறார்களே, சரிதானா?

– கடலூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் தொப்பியைக் கழற்றி வைத்துவிடுவோம். 1776 டிசம்பரில் பிரான்சில் இறங்கியபோது ஃபிராங்க்ளினுக்கு வயது எழுபது. பொய்முடி இல்லாமல் ரோமத் தொப்பியோடு நடமாடியவரைப் பாரிஸ் கொண்டாடியது உண்மைதான். ஆனால் பிரான்சின் வெளியுறவு மந்திரி வெர்ஜென் தொப்பியைப் பார்த்துக் கஜானாவைத் திறக்கிற ஆள் இல்லை. இங்கிலாந்தின் கை ஒடிய வேண்டும், அதற்கு அமெரிக்கா உதவ வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

எட்டரை ஆண்டுகள் அங்கே ஃபிராங்க்ளின் மாரடித்த வேலை உண்டியல், அதாவது 'இன்னார் பணம் தருவார்' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. அமெரிக்காவை நடத்திய காங்கிரஸ் சபையிடம் ரொக்கம் கிடையாது. அதனால், 'இந்தத் தொகையைப் பாரிசில் ஃபிராங்க்ளின் கொடுப்பார்' என்று உண்டியல் எழுதி விற்றுவிடும். அவரிடம் பணம் இருக்கிறதா என்று கடல் கடந்து கேட்டுப் பதில் வாங்க மாதக்கணக்கில் ஆகும்; கேட்பதும் இல்லை. அந்தத் தாள்கள் கைமாறிக் கைமாறி, பாரிசை ஒட்டிய பாசியில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு வந்து சேரும். ஒன்றே ஒன்றை ஏற்க மறுத்தாலும் அமெரிக்காவின் நாணயம் சந்தி சிரிக்கும். ஸ்பெயினில் இருந்த அமெரிக்கப் பிரதிநிதி ஜான் ஜே மீதும் ஹாலந்தில் இருந்த ஜான் ஆடம்ஸ் மீதும் எழுதப்பட்ட உண்டியல்கள்கூடக் கடைசியில் இவர் தலையில்தான் விடிந்தன. ஒவ்வொரு தடவையும் வெர்ஜென் முன்னால் போய் நிற்க வேண்டும். 1781இல் 60 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) இனாமாகவே கிடைத்தது. 1782 ஜூலையில் இருவரும் கையெழுத்திட்ட கணக்கின்படி நேரடிக் கடன் மட்டும் 1 கோடியே 80 லட்சம் லிவ்ர். வட்டி 5 சதவீதம். சமாதானத்துக்குப் பின் மூன்றாம் ஆண்டு தொடங்கி வருடம் 15 லட்சமாக 12 தவணை. பிரான்சின் ஜாமீனில் ஹாலந்தில் திரட்டிய 1 கோடி தனி. இவ்வளவு போட்டவர்கள் நடுவழியில் கையை உதறிவிட்டுப் போக முடியாது. உங்கள் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

இனி துரோகம். 1778 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான அமெரிக்கா–பிரான்சு கூட்டணி ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவு, ஒருவரின் முறையான சம்மதம் இல்லாமல் மற்றவர் இங்கிலாந்தோடு சமாதானம் செய்துகொள்ளக் கூடாது என்கிறது. பேசக் கூடாது என்று சொல்லவில்லை. பேச்சு நடப்பது வெர்ஜெனுக்குத் தெரியும். அவரவர் வழக்கை அவரவர் பேசிக்கொள்ளலாம், கையெழுத்து மட்டும் சேர்ந்து போடுவோம் என்பதே அவர் நிலை. ஆகவே 'தெரியாமல்' என்பது சரியல்ல. நிபந்தனைகளைக் காட்டாமல் கையெழுத்திட்டதுதான் குற்றம். பிரெஞ்சு மந்திரிகளுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள் என்று 1781இல் காங்கிரஸ் கொடுத்திருந்த உத்தரவையும் அதில் மீறினார்கள்.

ஃபிராங்க்ளின் பேரம் பேசிய விதம் ருசியானது. கனடாவை விட்டுக்கொடுப்பது நல்லது என்று எழுதிய குறிப்பு ஒன்றை ஆங்கிலேயப் பிரதிநிதி ரிச்சர்ட் ஆஸ்வால்டிடம் கொடுத்துவிட்டுப் பிறகு அதற்காக வருந்தினார். எனவே ஜூலை 10 அன்று நிபந்தனைகளை வாசித்துக் காட்டினாரே தவிர, தாளைக் கொடுக்கவில்லை. கட்டாயமானவை நான்கு: முழு விடுதலை, எல்லைகள், கனடாவைப் பழைய எல்லைக்குள் சுருக்குவது, நியூபவுண்ட்லாந்து மீன்பிடி உரிமை. 'கொடுத்தால் உங்களுக்கு நல்லது' வகையில் இன்னொரு நான்கு. கனடா இந்த முறை அதில் போய் உட்கார்ந்தது. பிறகு கல்லடைப்பு நோயில் அவர் படுத்துவிட, பிரான்சை நம்பாத ஜே முன்னால் வந்தார். அக்டோபரில் ஆடம்சும் வந்து ஜேயின் பக்கம் நின்றார். வெர்ஜெனிடம் காட்டாமல் முடிக்க ஃபிராங்க்ளினும் ஒத்துக்கொண்டார். நவம்பர் 30 அன்று கையெழுத்து. அடிமைகளை ஆங்கிலப் படை கொண்டுபோகக் கூடாது என்ற வரி கடைசி நேரத்தில் இன்னொரு அமெரிக்கப் பிரதிநிதி ஹென்றி லாரன்ஸ் சேர்த்தது. அதற்கும் கீழே ஃபிராங்க்ளின் கையெழுத்து இருக்கிறது. 1790இல் அடிமை முறைக்கு எதிராகக் காங்கிரசுக்கு மனு அனுப்பிய அதே கை.

ஆனால் அந்த ஆவணத்தின் முகப்பிலேயே ஒரு பூட்டு: இங்கிலாந்தும் பிரான்சும் தங்களுக்குள் சமாதான நிபந்தனைகளை முடிவு செய்யும்வரை இது ஒப்பந்தம் ஆகாது. டிசம்பர் 15 அன்று வெர்ஜென் காரமாக எழுதினார். 17ஆம் தேதி ஃபிராங்க்ளின் அனுப்பிய பதிலைத் தூதராகப் போகும் எவரும் வரிவரியாகப் படிக்க வேண்டும். பிரான்சுக்குப் பாதகமாக எதுவும் இல்லை, நீங்கள் முடிக்கும்வரை சமாதானமும் இல்லை. நாங்கள் தவறியது மரியாதை முறையில் மட்டுமே என்று இறங்கி வருகிறார். அடுத்து, நம்மைப் பிரித்துவிட்டதாக ஆங்கிலேயர் பூரித்துப்போயிருக்கிறார்கள், இந்தச் சின்ன மனத்தாங்கல் வெளியே தெரியாமல் இருந்தால் அவர்கள் ஏமாந்துபோவார்கள் என்கிறார். மன்னிப்பு மாதிரி தொடங்குகிறது, மிரட்டலாக முடிகிறது. நட்பு முறிந்தது என்று லண்டனுக்குத் தெரிந்தால் பிரான்சின் சொந்தப் பேரமும் சரிந்துவிடும் என்பது வெர்ஜெனுக்குப் புரியாதா? புதுக்கடனாக 2 கோடி கேட்டவருக்கு 60 லட்சம் கிடைத்தது. முதல் 6 லட்சம் உடனே 'ஜெனரல் வாஷிங்டன்' கப்பலில் ஏறியது. அந்தக் கப்பல் தடையின்றிப் போக அனுமதிச் சீட்டு கொடுத்தது இங்கிலாந்து! ஆக, நான் இதைத் துரோகம் என்று சொல்லமாட்டேன், யோக்கியம் என்றும் சொல்லமாட்டேன்.

கடலூர் விஷயம் கிட்டத்தட்டச் சரி. ஆனால் முற்றுகையை நிறுத்தியது ஃபிராங்க்ளின் கையெழுத்திட்ட தாள் அல்ல. அதன் பூட்டைத் திறந்த தாள், அதாவது 1783 ஜனவரி 20 அன்று வெர்சாயில் கையெழுத்தான இங்கிலாந்து–பிரான்சு முன்னொப்பந்தம். செய்தி கப்பலில் கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் 29. நடுவில் ஐந்து மாதம் ஒன்பது நாள். ஜூன் 13 அன்று முற்றுகையிட்ட ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட், ஊருக்குள் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் அரண்களைத் தாக்கியதும், 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் சுஃப்ரேனும் ஆங்கிலேயக் கப்பற்படைத் தலைவர் ஹியூசும் மோதியதும், 25 அன்று பிரெஞ்சுக்காரர்கள் வெளியே பாய்ந்து அடித்ததும், சமாதானம் எழுதி மை காய்ந்த பிறகு நடந்தவை.