க்ளோசெட்டின் அடியில் தண்ணீர் கசிகிறது, வெள்ளை சிமெண்ட் பூசினால் நிற்குமா?

நிற்காது. கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை பூசிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பூசிய ஒவ்வொரு முறையும் தரை ஒரு மாதம் காய்ந்திருந்தது. கீழே சமையலறைக் கூரையில் இருந்த மஞ்சள் கறையோ வளர்ந்துகொண்டே போனது. வெளியே வர வழியடைபட்ட தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் பரவிக் கீழே இறங்கியிருக்கிறது.

முதலில் அது கசிவுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் மலையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கையை வைக்க முடியாத அளவு குளிர்ந்திருக்கும். கெய்சர் தண்ணீரில் ஒருவர் குளித்து முடித்ததும் அந்த ஆவி குளிர்ந்த ஃபிளஷ் டேங்கின் மேல் முத்து முத்தாகப் படிந்து, வழிந்து, க்ளோசெட்டைச் சுற்றித் தேங்கும். பார்ப்பதற்கு அசல் கசிவைப் போலவே இருக்கும். ஆகவே தரையை நன்றாகத் துடைத்துவிட்டு, டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் ஊற்றுங்கள். தேங்கும் தண்ணீரில் நீலம் இல்லையென்றால், அது ஆவி படிந்த நீராகவோ, ஆங்கிள் காக் (டேங்குக்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சுவர்க் குழாய்), டியூப், ஹெல்த் ஃபாசெட் (கையில் பிடித்துக் கழுவும் குழாய்) ஆகியவற்றில் ஒன்றின் சொட்டாகவோ இருக்கும். ஃபிளஷ் செய்யாமலே நீலம் ஊறி வந்தால் டேங்கின் வாஷரையும் பீங்கானில் விரிசல் உண்டா என்பதையும் பாருங்கள். விரிசல் என்றால் க்ளோசெட்டை மாற்றுவதுதான் வழி. ஃபிளஷ் செய்யும்போது மட்டும் நீலம் வந்து, டேங்கின் அடிப்புறம் காய்ந்திருந்தால், க்ளோசெட் தரைக்குழாயோடு சேரும் இணைப்பில்தான் கோளாறு.

எங்கள் வீட்டில் அதுதான். க்ளோசெட்டைத் தூக்கியபோது, உள்ளே அடைத்திருந்த வெள்ளை சிமெண்ட் நனைந்த ரஸ்க் போல விரலில் உதிர்ந்தது. பழைய தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புது டைல்ஸ் ஒட்டியதால் தரை உயர்ந்துவிட்டது. 4 அங்குல பிவிசி குழாயின் விளிம்பு அதற்கு இரண்டு விரற்கடை கீழே கிடந்தது. க்ளோசெட்டின் வாய் குழாய்க்குள் சரியாக இறங்கவே இல்லை. நடுவில் இருந்த இடைவெளியை சிமெண்ட் மட்டும் தாங்கியது; ஒருவர் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு அசைவிலும் அது விண்டுபோயிற்று.

செய்ய வேண்டிய வேலை இதுதான். ஆங்கிள் காக்கை மூடி, ஃபிளஷ் செய்து, மிச்சத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். டேங்குக்குப் போகும் டியூபைக் கழற்றி, பழைய பூச்சை பிளேடால் அறுத்து, நட்டுகளைக் கழற்றி, இரண்டு பேராகச் சேர்ந்து க்ளோசெட்டை நேராகத் தூக்குங்கள். ஒருவராகத் தூக்கினால் இடுப்போ பீங்கானோ போகும். நாற்றம் வராமலிருக்கக் குழாய் வாயில் பழைய துணியைத் திணித்துவிட்டு, ஒட்டியிருக்கும் சிமெண்டைச் சுரண்டி எடுங்கள். குழாய் தாழ்ந்திருந்தால் ஒரு துண்டு சேர்த்து உயர்த்தி, க்ளோசெட்டின் வாயைக் குழாயோடு கசியாமல் இணைக்கும் ரப்பர் கனெக்டரைப் பொருத்துங்கள். அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போவது நல்லது; நான் கண் மதிப்பில் வாங்கி வந்ததை மாற்றுவதற்காகவே மறுபடி மேட்டுப்பாளையம் வரை இறங்க வேண்டியதாயிற்று. துணியை நினைவாக எடுத்துவிட்டு, ரப்பரின் உள்விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, க்ளோசெட்டை ஒரே அழுத்தில் இறக்குங்கள். ஆட்டம் இருந்தால் போல்ட்டை முறுக்கி அடக்கப் பார்க்காதீர்கள், பீங்கான் விண்டுவிடும்; அடியில் பிளாஸ்டிக் துண்டு சொருகிச் சமன் செய்தபின், இரண்டு நட்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

பிறகு ஐந்தாறு முறை ஃபிளஷ் செய்து, அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து ஈரம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால்தான் விளிம்பைச் சுற்றி சிலிக்கான் பசை. முன்புறமும் பக்கங்களும் பூசி, பின்புறம் இரண்டு விரல் அகலம் திறந்தே விடுங்கள். மறுபடி கசிந்தால் கூரைக்குப் போகாமல் உங்கள் கண்ணுக்குத் தெரியும். டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும், நம் குளிரில் சிலிக்கான் இறுக இன்னும் நேரமெடுக்கும். நாங்கள் இரண்டு நாள் கீழ்த்தளக் கழிப்பறையையே பயன்படுத்தினோம்.